எருமைகள் போட்ட லெவல்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு, ரம்யா கைபேசியில் கூப்பிட்டார். மரக்காணத்தில் நான் முப்பத்தொன்பது ஆண்டு வேலை பார்த்த உப்புக் கம்பெனியில் இப்போது அவர்தான் சர்வேயர். கிழமையும் நேரமும் இல்லாமல் எனக்கு ஒரு சம்பவத்தையும் எழுத வராது. தேதி, வருடம் எல்லாம் சேர்த்தே எழுதுவதுதான் என் வழக்கம். "படிக்கிறவங்க என்ன கோர்ட்டாப்பா?" என்று என் மகள் தடுத்துவிட்டாள். வேண்டுபவர்கள் வீட்டுக்கு வரலாம். நாற்பத்தோரு டைரிகளும் அலமாரியில் வரிசையாக இருக்கின்றன.

"சார், வடக்குக் குழிக்குக் கான்டூர் ஷீட் எங்க சார்? கேபினெட்ல எல்லாக் குழிக்கும் இருக்குது. அதுக்கு மட்டும் இல்ல."

"அது இல்லம்மா."

"தொலைஞ்சிடுச்சா?"

"வரையவே இல்ல."

"நீங்களா சார்? வரையலையா?" என்றார்.

அவர் திகைத்ததில் நியாயம் உண்டு. பம்ப் ஹவுஸ் படிக்கட்டுக்கும் படம் வரைந்து, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டு வைத்தவன் நான். கம்பெனி இப்போது மண் எடுத்து முடித்த இன்னொரு குழியைச் சீர்செய்யப் போகிறது. அதற்கு மாதிரியாகத்தான் வடக்குக் குழியின் மேடு பள்ளம் காட்டும் படத்தைத் தேடியிருக்கிறார். ஏன் இல்லை என்பதை ஃபோனில் சொல்லி முடிக்க முடியவில்லை. எழுதி அனுப்புகிறேன் என்றேன். அந்தக் கடிதம்தான் கொஞ்சம் நீண்டு இப்படி ஆகிவிட்டது.

எங்கள் வீடு பிரம்மதேசத்தில். நெல்லும் மணிலாக் கடலையும் போட்ட குடும்பம். ஐடிஐயில் சர்வே படித்துவிட்டு, பத்தொன்பதாவது வயதில் உப்பளத்தில் ஸ்டாஃப் பிடிப்பவனாகச் சேர்ந்தேன். ஸ்டாஃப் என்பது அளவு எழுதிய நீளமான கட்டை. ஒருவர் லெவல் கருவியில் கண் வைத்துப் பார்ப்பார், இன்னொருவர் தூரத்தில் கட்டையை ஆடாமல் பிடித்துக்கொண்டு நிற்பார். ஏழு மாதம் அப்படி நின்றேன். சித்திரை வெயிலில் நான் கட்டையைப் பிடித்திருக்கிறேனா, கட்டை என்னைப் பிடித்திருக்கிறதா என்று சில நாள் சந்தேகமாக இருக்கும். எட்டாவது மாதம் கருவிக்குப் பின்னால் வந்தேன். ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தேன். பயிற்சிக் காலம் பற்றிச் சொல்ல இவ்வளவுதான்.

உப்பளத்தில் லெவல்தான் எல்லாம். இறைத்து விட்ட உப்புநீர் பாத்தி பாத்தியாகத் தானே இறங்கிப் போக வேண்டும். போகப் போக வெயிலில் காய்ந்து கெட்டிப்படும். கடைசிப் பாத்தியில் உப்பாக விளையும். அந்தப் பாத்தியின் தரை ஒரு விரற்கடை சாய்ந்தால் போதும், ஒரு பக்கம் உப்பு கனமாகவும் மறுபக்கம் மண் கலந்தும் விளைந்து, வாருகிறவர்கள் நம்மைத் திட்டிக்கொண்டே வாருவார்கள். அவர்கள் திட்டு எப்படி இருக்கும் என்பதை இங்கே எழுத முடியாது.

என் மேனேஜர் ரஹமத்துல்லா சார் கோட்டக்குப்பத்துக்காரர். கூடப் பிறந்தவர்கள் எல்லாரும் வளைகுடாவில் இருந்தார்கள். இவர் ஒருவர்தான் உப்போடு நின்றவர். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. யார் என்ன வேலை முடித்துவிட்டு வந்து நின்றாலும் மூன்று கேள்விதான்: "அளந்தீங்களா? திருப்பி அளந்தீங்களா? தேதி போட்டீங்களா?" மூன்றாவது கேள்விக்காகவே எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

பாத்தித் தரையை அவர் சோதிக்கிற முறையைச் சொல்ல வேண்டும். தை மாதம் புதிய பருவத்துக்காகப் பாத்தியை ஊறவைத்து, தொழிலாளர்கள் வரிசையாக நின்று காலால் மிதித்து மிதித்துத் தரையை இறுக்குவார்கள். சிமென்ட் பூசியது போல ஆகும்வரை மிதி. அது காய்ந்ததும் சார் வருவார். செருப்பைக் கரையில் கழற்றுவார். பியூன் ஓர் ஆறடி தேக்குப் பலகையைக் கொண்டுவந்து பாத்தியின் நடுவில் வைப்பார், முதலில் கிழக்கு மேற்காக, பிறகு தெற்கு வடக்காக. சார் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு பச்சைக் கண்ணாடிக் கோலியை எடுத்துப் பலகையின் நடுவில் வைத்துக் கையை விலக்குவார். கோலி உருண்டால் ஒரு வார்த்தை பேசமாட்டார். எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவார். நாங்கள் மறுபடி முதலிலிருந்து. கோலி நின்றால், "சரி" என்பார்.

கருவி இருக்கும்போது கோலி எதற்கு என்று சேர்ந்த புதிதில் கேட்டுவிட்டேன்.

"கருவிய நீங்க பாக்குறீங்க தம்பி. கோலிக்கு உங்கள யாருன்னே தெரியாது" என்றார்.

நான் ஓய்வு பெறுவதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு புயலில் கடல்பக்க வரப்புகள் உடைந்தன. உயர்த்திக் கட்ட மண் வேண்டும். உப்பளத்துக்கு வடக்கே, கழுவெளிச் சதுப்புக்குப் போகிற வழியில் இருந்த தரிசில் சவுட்டு மண் எடுக்கக் கம்பெனிக்கு ஐந்து ஆண்டுக் குத்தகை கிடைத்தது.

பார்வைக்கு அது ஒன்றுமில்லாத இடம். உமரிச் செடி திட்டுத் திட்டாக இருக்கும். மழைக்காலத்தில் கட்டைவிரல் ஆழத்துக்குத் தண்ணீர் தேங்கும். ஆனால் பழைய டைரிகளைப் புரட்டினால் அந்த இடம் சும்மா இருந்ததே இல்லை. "வடக்குத் தரிசு: ஆட்காட்டி முட்டை நான்கு, சர்வே கல்லுக்கு இரண்டு முழம் தள்ளி." "முயல் குறுக்கே ஓடியது, பிற்பகல் மூன்று நாற்பது." "ஆலாப் பறவை தலையில் கொத்தியது. இனி தொப்பி அவசியம்." பொக்லைன் வந்த முதல் ஆண்டு, ஆட்காட்டிகள் வண்டியைச் சுற்றிச் சுற்றிக் கத்தின என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறேன். இரண்டாம் ஆண்டு அந்தக் கத்தல் பற்றி ஒரே ஒரு வரி. மூன்றாம் ஆண்டு "வடக்குத் தரிசு" என்ற பெயரே போய் "வடக்குக் குழி" ஆகிவிட்டது. மண் அளவு, லாரி நடை, ஆழம், இவைதான் பக்கம் பக்கமாக. இரண்டு ஆண்டு டைரியில் அந்த இடத்தில் உயிருள்ளது எதுவும் இல்லை. எழுதியவன் நான்தான். எழுதும்போது அது எனக்கு உறைக்கவில்லை.

குழிக்கு மேற்கே இருபது வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பு. எல்லாருக்கும் சேர்த்து ஒரே கிணறு. எங்கள் உப்பளத்தில் வேலை செய்த செல்வி அந்த ஊர். உப்பு வாருவதில் அவருக்கு ஈடு கிடையாது. வீட்டில் ஆறு எருமைகள் வைத்திருந்தார். என்னைவிட நாலைந்து வயது சின்னவர், ஆனால் அவர் பேசுவதைக் கேட்டால் நான்தான் அவரிடம் வேலை பார்ப்பதாகத் தோன்றும்.

ஐந்தாம் ஆண்டு வைகாசியில், குழியின் ஒரு மூலையில் இன்னும் ஓர் ஆள் மட்டம் ஆழமாகத் தோண்டிப் பார்த்தார்கள். ஊற்று பீறிட்டது. மோட்டார் வைத்து ஒன்பது நாள் இறைத்தார்கள். பத்தாம் நாள், புதன்கிழமை, காலை ஆறரைக்குச் செல்வி வேலைக்கு வரும்போதே சத்தம் கேட்டது.

"இன்னா சர்வேயரு சார், எங்க கெணத்துல இன்னாத்த கலந்தீங்க? ரெண்டு நாளா பருப்பு வேகல. அடுப்பு எரிஞ்சிகினே இருக்குது, பருப்பு கல்லு மாரி கெடக்குது."

போய் ஒரு சொம்பு வாங்கிக் குடித்துப் பார்த்தேன். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

"உனுக்கு எப்பிடி சார் தெரியும்? இத்தினி வருசமா உப்புலயே கெடக்குற. பருப்பக் கேளு, அது சொல்லும்."

தண்ணீரை எங்கள் ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்தேன். பருப்பு சொன்னது சரிதான். மேலே இருந்த நல்ல தண்ணீரை மோட்டார் இழுக்க இழுக்க, அடியில் இருந்த உப்புநீர் ஏறிக்கொண்டிருந்தது. ரஹமத்துல்லா சார் அன்றைக்கே மோட்டாரை நிறுத்தினார். அந்த ஆழக் குழியைக் களிமண் போட்டு மிதித்து மூடினோம். கார்த்திகை மழைக்குப் பிறகுதான் அந்த ஊரில் பருப்பு வெந்தது.

ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. குத்தகைப் பத்திரத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. காலம் முடியும்போது குழியை நீர்ப்பறவைகள் இரை தேடும் சதுப்பாக மீட்டுத் தர வேண்டும். வனத்துறை வந்து பார்த்து ஒப்புக்கொண்டால் குத்தகை முடிந்தது. ஒப்புக்கொள்ளாவிட்டால் மீட்புப் பணிக்காக ஓராண்டு நீட்டிப்பு. அந்த ஓராண்டில் தோண்டுகிற மண்ணைக் கம்பெனி எடுத்துக்கொள்ளலாம். சென்னைத் தலைமை அலுவலகத்துக்கு அந்த நிபந்தனையின் பின்பாதி ரொம்பவும் பிடித்திருந்தது.

மழைக்கு முன்பே, புரட்டாசி முதல் வாரம், சார் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவர் அறையில் நான் உட்கார்ந்தது அதுதான் இரண்டாவது தடவை.

"சர்வேயர், வடக்குக் குழிய நீங்க நல்லபடியா முடிச்சுக் குடுங்க. முடியலன்னா மோட்டார் மறுபடி வந்துடும். அப்புறம் அந்தப் பொம்பளைங்க மொகத்துல நான் முழிக்க முடியாது."

நான் தயாரானேன். திண்டிவனம் நூலகத்தில் பறவைகளைப் பற்றி இருந்த எல்லாப் புத்தகத்தையும் எடுத்துப் படித்தேன். எந்தப் பறவைக்கு அலகு எவ்வளவு நீளம், இறக்கையில் எத்தனை கோடு, எந்த மாதம் எங்கிருந்து வருகிறது, எல்லாம் குறிப்பெடுத்தேன். பிறகு எனக்குத் தெரிந்த வேலையைத் தொடங்கினேன். லாரித் தடங்களை நிரப்பினேன். மேடுகளை வெட்டினேன். கரையைச் செங்குத்தாகச் செதுக்கி அடித்து இறுக்கினேன். இருபத்திரண்டு பேர் பதினேழு நாள் தரையை மிதித்தார்கள். குழியின் ஒரு கோடிக்கும் மறு கோடிக்கும் என் கருவியில் ஒரு நூல் வித்தியாசம் காட்டவில்லை. என் வாழ்நாளில் அவ்வளவு பெரிய பரப்பில் அவ்வளவு சுத்தமான லெவல் நான் போட்டதில்லை.

சார் வந்தார். செருப்பைக் கழற்றினார். ஆறு இடத்தில் பலகை வைத்தார். ஆறு இடத்திலும் கோலி அசையாமல் நின்றது.

"மாஷா அல்லா" என்றார். "சரி"க்கு மேலே ஒரு சொல் அவரிடம் இருக்கிறது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

கடைசிப் படத்தை மட்டும் வரையவில்லை. அதிகாரிகள் ஒப்புக்கொண்ட பிறகு வரைவதுதான் வழக்கம்.

ஐப்பசி மழையில் குழி இடுப்பளவு நிறைந்தது. கண்ணாடி போல இருந்தது. ஒரே ஒரு தொல்லை. தென்கிழக்கு மூலையில் செல்வியின் எருமைகள் கரையை உடைத்து இறங்கிப் படுத்துக்கொண்டன. நான் ஆள் வைத்து உடைப்பை அடைத்தேன். மறுபடி உடைத்தன, மறுபடி அடைத்தேன். டைரியில் மூன்று வெள்ளிக்கிழமைகளில், "எருமை உடைப்பு. சரி செய்யப்பட்டது" என்று இருக்கிறது. மூன்று தடவையும் செல்வி கரையில் நின்று சிரித்தார். ஏன் சிரிக்கிறாய் என்று கேட்கத் தோன்றவில்லை.

தை மாதம் இரண்டாவது வெள்ளி, காலை ஏழு நாற்பதுக்கு வனச்சரக அலுவலர் வந்தார். முப்பது வயதுக்குள் இருக்கிற பெண். தொப்பி, பைனாகுலர், சிறிய நோட்டு. கரையில் ஒரே இடத்தில் ஒரு மணி நேரம் நின்றார். நாங்களும் நின்றோம். எதிரில் தண்ணீர் பளபளத்தது. அதில் ஒரு பறவைகூட இல்லை. நான் நடு ஆழம் பார்க்க நட்டு வைத்திருந்த ஸ்டாஃபின் மேல் மட்டும் ஒரு கருப்பு வெள்ளை மீன்கொத்தி உட்கார்ந்திருந்தது.

"மீன்கொத்தி ஒன்று, சர்வே கட்டை மேல்" என்று அவர் சொல்லிக்கொண்டே எழுதினார். பிறகு என்னைப் பார்த்தார். "சார், இதுல ஒரு உள்ளான் பறவை எறங்கி நிக்கணும்னா எங்க நிக்கும்?"

"எங்க வேணும்னாலும் நிக்கலாம் மேடம். தரை எல்லாம் ஒரே மட்டம்."

"அதான் சார் பிரச்சன. எல்லா இடத்துலயும் அது முழுகிப் போகும். விரற்கடைத் தண்ணி எங்க, முழங்கால் தண்ணி எங்க? ஏறி வர்றதுக்குக் கரை எங்க? நீங்க கட்டியிருக்கிறது தொட்டி."

முப்பத்தைந்து ஆண்டு கற்ற வித்தையை ஒரு சொல்லில் முடித்துவிட்டார். தொட்டி!

"பங்குனி கடைசி திங்கக்கிழமை திரும்ப வர்றேன். வெளியூர்ப் பறவைங்க அதுக்கப்புறம் இருக்காது. அன்னிக்கும் இப்படியே இருந்தா நீட்டிப்புக்குத்தான் எழுதணும். எனக்கு வேற வழி இல்ல" என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினார்.

அடுத்த புதன்கிழமை காலை, தண்ணீர் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்க்கப் பம்ப் ஹவுஸ் மேட்டில் என் பழைய கருவியைப் பொருத்தினேன். அந்தக் காலத்துக் கருவியில் எல்லாம் தலைகீழாகத் தெரியும். பழகியவனுக்கு அது பெரிதில்லை. குழாயைத் திருப்பிக்கொண்டே வந்தபோது, தென்கிழக்கு மூலையில், வானத்துக்குப் பதில் இருந்த சேற்றில், பவளக்கால் உள்ளான்கள் பத்துப் பதினைந்து தலைகீழாக நடந்துகொண்டிருந்தன. பக்கத்தில் பொரி உள்ளான்கள். ஓர் அரிவாள் மூக்கன். எல்லாம் எருமைகள் நான்காவது தடவை உடைத்த இடத்தில். மீதிக் குழி காலி.

இறங்கி ஓடினேன். செல்வி எருமைகளைத் தண்ணீரிலிருந்து கிளப்பிக்கொண்டிருந்தார்.

"செல்வி, இதுங்க எப்பலருந்து வருது?"

"எதுங்க? குருவிங்களா? மாடு உடைக்கிறப்பல்லாம் வரும். நீ ஆள வுட்டு அடைச்சிட்டா போய்டும். மறுக்கா மாடு உடைக்கும், மறுக்கா வரும்."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீ கேட்டியா சார்? ஒரு சட்டம் போட்டாப்புல அடைச்சிகினே இருந்த. சரி, பெரிய படிப்பு படிச்ச மனுசன், அதுல ஏதோ இருக்கும்னு நெனச்சேன்."

மாடு மிதித்த இடத்தில் கால்குளம்பு அளவுக்குக் குழிகள். அதன் ஓரத்தில் மேடு. இங்கே இரண்டு விரல் தண்ணீர், அங்கே நாலு விரல், எருமை புரண்ட பள்ளத்தில் முழங்கால். உடைந்த கரை சரிந்து, தண்ணீருக்குள் தானாக இறங்கியிருந்தது. குள்ளமான பறவை ஓரத்தில் நின்றது, கால் நீண்டது உள்ளே நின்றது. நான் புத்தகத்தில் அலகின் நீளத்தைக் குறித்து வைத்திருந்தேன். காலின் நீளத்தைக் குறிக்கவில்லை.

சாரிடம் போய்ச் சொன்னேன். சொல்ல வெட்கமாக இருந்தது. அவர் எழுந்து, பியூனைப் பலகையோடு வரச் சொன்னார். தென்கிழக்கு மூலையில் செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கினார். பலகை எங்கே வைத்தாலும் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது. குத்துக்காலிட முடியாமல் ஒரு கையை என் தோளில் ஊன்றிக்கொண்டு கோலியை வைத்தார். அது பலகை முழுக்க உருண்டு, விளிம்பைத் தாண்டி, ஒரு குளம்புக் குழிக்குள் விழுந்தது. பியூன் முழங்கை வரை விட்டுத் துழாவினார். கிடைக்கவில்லை.

சார் அந்தக் குழியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சரி" என்றார். "எத்தன மாடு வேணும்?"

செல்வியின் ஆறு போதவில்லை. அந்த ஊரில் இருந்த எல்லா எருமைகளையும் சேர்த்து முப்பத்தொன்று தேறின. தினமும் காலை எட்டு முதல் பதினொன்று வரை வேலை. அலுவலகப் பதிவேட்டில் எருமை என்று எழுத முடியாதே. "தரையில் ஒழுங்கின்மை ஏற்படுத்தும் பணி" என்று சார் தன் கையால் எழுதினார். கிழக்குக் கரையை வெட்டிச் சரித்தோம். வெட்டிய மண்ணை உள்ளே அங்கங்கே குவித்தோம். நான் குவியல்களுக்கு இடையில் சமதூரம் வைத்து முளை அடித்தேன். செல்வி பின்னாலேயே வந்து ஒவ்வொரு முளையையும் பிடுங்கினார்.

"யோவ் சார், இது இன்னா மாரியம்மன் கோயிலு பந்தலா? கால் போனாப்புல போட்டுட்டுப் போயேன்!"

மனசு கேட்கவில்லை. ஒரு சனிக்கிழமை யாரும் இல்லாதபோது போய் நாற்பது இடத்தில் லெவல் எடுத்து எழுதி வைத்தேன். திங்கட்கிழமை போய்ப் பார்த்தால் எருமைகள் புரண்டு நாற்பதும் மாறிவிட்டன. அந்தப் பக்கத்தைக் கோடு போட்டு அடித்தேன். கோட்டுக்குக் கீழே தேதி இருக்கிறது.

மாசி கடைசி வியாழன், சென்னையிலிருந்து தலைமை அலுவலகத்து ஆள் ஒருவர் வந்தார். தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியிருந்தது. சேறும் சாணமும் குவியலுமாக இருந்த குழியைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"என்ன சார் இது, மாட்டுக் கொட்டாயா? போன தடவ போட்டோல நீட்டா இருந்துதே. உடனே லெவல் பண்ணச் சொல்லுங்க. இன்னிக்கே."

அவர் சொன்னதில் உள்குத்து இருந்ததா, உண்மையிலேயே அசிங்கமாகப் பட்டதா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. லெவல் செய்தால் பங்குனியில் தோற்போம், மோட்டார் வரும். அது மட்டும் தெரியும். ரஹமத்துல்லா சார் மெதுவாக நடந்து, முக்காலியில் இருந்த என் பழைய கருவிக்கு அருகில் போனார். கண் வைத்துப் பார்க்கிற குழலைத் திருகிக் கழற்றினார். கைக்குட்டையில் சுற்றி, கோலி இருந்த அதே சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"கருவி ரிப்பேரா இருக்குதுங்க. சரியானதும் பண்ணிடறோம், இன்ஷா அல்லா."

முப்பத்தைந்து ஆண்டில் அவர் பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒன்றுதான். கழற்றிய பிறகு சொன்னதால் அது பொய்யில் சேருமா என்றும் யோசித்திருக்கிறேன்.

பங்குனி கடைசித் திங்கள், காலை ஏழு பத்துக்கு வனச்சரக அலுவலர் வந்தார். கரையில் நின்றவர், இந்தத் தடவை நோட்டை மூடவே இல்லை. பவளக்கால் உள்ளான், பொரி உள்ளான், சின்னக் கொக்கு, உப்புக்கொத்தி இரண்டு வகை, மூன்று மஞ்சள் மூக்கு நாரை. அவர் சொல்லச் சொல்ல நானும் என் டைரியில் எழுதினேன். கிழக்குக் குவியலை அவர் நெருங்கியபோது ஓர் ஆட்காட்டி கிளம்பித் தலைக்கு மேல் வட்டமிட்டுக் கத்தத் தொடங்கியது. அவர் அப்படியே நின்று பின்வாங்கினார்.

"அங்க முட்டை இருக்கும். யாரும் போகாதீங்க" என்றார். பிறகு, "தொட்டிய யாரு சார் உடைச்சது?"

நான் மேற்கே கை காட்டினேன். முப்பத்தொரு எருமைகள் அசை போட்டுக்கொண்டு நின்றன. செல்வி முன்னால் நின்று, பள்ளிக்கூட ஆய்வுக்குப் பிள்ளைகளை நிறுத்தியது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அலுவலர் சிரிக்கவில்லை. ஒப்புதல் தாளில், "பருவந்தோறும் கால்நடை இறங்க அனுமதிக்கப்பட வேண்டும்" என்று ஒரு வரி சேர்த்துக் கையெழுத்திட்டார். குத்தகை அன்றோடு முடிந்தது. மோட்டார் வரவில்லை.

செல்வி நன்றி எல்லாம் சொல்லவில்லை. "இனிமே என் மாட்டத் தொரத்த மாட்டியே?" என்று மட்டும் கேட்டார்.

மீட்டுவிட்டோம் என்று நான் எழுதமாட்டேன். பழைய தரிசு வேறு, இது வேறு. ஆலாக்கள் அந்த இடத்துக்குத் திரும்பவில்லை. முயலை அதற்குப் பிறகு டைரியில் காணோம். உமரி கிழக்குச் சரிவில் மட்டும் கொஞ்சம் தலைகாட்டியிருக்கிறது. ஐந்து ஆண்டில் அள்ளியதை எருமைகள் இரண்டு மாதத்தில் கொண்டுவந்துவிட முடியாது. ஆட்காட்டி வந்தது, உள்ளான்கள் வந்தன, கிணறு தப்பியது. கணக்கு இவ்வளவுதான்.

ரஹமத்துல்லா சார் எனக்கு முன்பே ஓய்வு பெற்றார். கடைசி நாள் அந்தப் பழைய கருவியின் குழலைத் திருப்பித் தந்தார். வேறு கோலி அவர் வாங்கவே இல்லை. பழைய கோலி இன்னும் அந்தச் சேற்றில்தான் எங்கோ கிடக்கிறது.

இதையெல்லாம் ரம்யாவுக்கு எழுதி அனுப்பினேன். அவர் விடுகிற ஆள் இல்லை. புதிய ஜிபிஎஸ் கருவியோடு போய் வடக்குக் குழியை அளந்தார். நேற்று, ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொன்றேகாலுக்குக் கூப்பிட்டார்.

"சார், போன வாரம் எடுத்த லெவல் இந்த வாரம் ஒன்னுகூட ஒத்து வரல. மெஷின் சரியாதான் இருக்குது, மூனு தடவ செக் பண்ணிட்டேன். ஷீட்ல நான் என்னன்னு போடறது?"

"எடுத்தத அப்படியே போடும்மா. மேல தேதிய மட்டும் பெருசா போடு."

பின்னால் எருமை கத்தும் சத்தம். யாரோ ஃபோனைப் பிடுங்கினார்கள்.

"இன்னா சர்வேயரு சார், ரிட்டேர் ஆகியும் அடங்கலியா நீ? இந்தப் பொண்ண எதுக்கு வெயில்ல அலைய வுட்டுகினு கீற?"

"செல்வி, பருப்பு வேகுதா?"

"நாலு வருசமா இதே கேள்விதான். வெந்து, கடைஞ்சி, தாளிச்சாச்சி. அந்தப் பொண்ணு ரெண்டாவது வாட்டி சோறு வாங்கிகினு உக்காந்துகினு கீது. நீ எப்போ வர்ற?"

ஃபோனை வைத்துவிட்டு டைரியைத் திறந்தேன். கிழமை, நேரம் எழுதினேன். அதற்குக் கீழே: "வடக்குக் குளம். பருப்பு வேகிறது."